பாம்பு பாம்பாகவே இருக்கட்டும்: புதுமைப்பித்தனின் ஒரு கதையில் குறியீடும் பொருள்மயக்கமும்

(தெல்லிப்பழையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தெல்லிப்பழையில் வந்து கடவுளைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. துர்க்கை அம்மன் கோயிலில் சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள் பேசக் கேட்டுப் பழகிய காதுகள் இந்த மண்டபத்தில் நிறைய இருக்கின்றன. ஆகவே அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்ளவில்லை. கடவுள் ஒரு பாத்திரமாக வந்து போகிற ஒரு சிறுகதையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கதையைத் தெரியாதவர்கள் இங்கே அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனால் நன்றாகத் தெரிந்த கதையைத்தான் நாம் அதிகம் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

"கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" 1943இல் கலைமகளில் வெளிவந்தது. எழுதியவர் சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர், திருநெல்வேலிக் குடும்பம், சென்னையில் பத்திரிகை பத்திரிகையாக ஏறி இறங்கியவர், 1948இல் காசநோய் முற்றித் திருவனந்தபுரத்தில் கண்ணை மூடியபோது வயது நாற்பத்திரண்டு. கலைமகளுக்கு அப்போது ஆசிரியர் கி.வா. ஜகந்நாதன். உ.வே. சாமிநாதையரின் மாணவர், முருக பக்தர். கடவுளை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய், ரிக்‌ஷாவில் ஏற்றி, கடைசியில் வாயடைக்கவும் வைக்கிற ஒரு கதை, சமயத்தில் ஊறிய ஒரு கையால்தான் அச்சுக்குப் போனது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பிறகு உதவும்.

கதையின் முதல் பக்கத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கிற மூலையில், வண்டி வாகனம் மோதாத ஓரமாகப் பார்த்து ஒருவர் நிற்கிறார். மேலகரத்துக் கந்தசாமிப் பிள்ளை. ஆழ்ந்த யோசனை. யோசனை என்னவென்றால், டிராமில் போனால் காலணா மிச்சம், வெற்றிலை போடலாம். பஸ்ஸில் ஏறி, கொஞ்சத் தூரம் கண்டக்டரை ஏய்த்துவிட்டுப் பாதி வழியில் டிக்கட் வாங்கினால் அரைக் கப் கோப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை இல்லை. ஏய்ப்பது அறமா என்கிற விசாரமும் கூடவே ஓடுகிறது. ஏமாற்றச் சொல்லிக் கண்டக்டரே வெற்றிலை வைத்து அழைக்கிறபோது ஏமாற்றாமல் இருப்பது எப்படி என்று அந்த விசாரம் முடிகிறது. தர்மசாஸ்திரம் முழுவதையும் காலணாவுக்குள் அடக்கிவிட்டார் எழுத்தாளர். இந்த நேரத்தில்தான் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்று திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார்.

அந்தப் பெரியவரின் தோற்றத்தைப் புதுமைப்பித்தன் தீட்டியிருக்கிற விதம் முக்கியம். கறுப்பே இல்லாத நரைத்த தலை, கட்டாமல் பிடரியில் விழுந்து கிடக்கிறது. கழுத்தின் நடுவில் பெரிய கறுப்பு மறு. கண்கள் நாற்றிசையும் சுழல்கின்றன. சிரிப்பு மட்டும் ஒரு நிலையில் இல்லை. சில நேரம் பயமுறுத்துகிறது, சில நேரம் குழந்தைச் சிரிப்பாகிவிடுகிறது. சடை, நீலகண்டம், ருத்திரன், பாலன் என்று தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளலாம். கந்தசாமிப் பிள்ளைக்கு அது மறு மட்டுந்தான். அவர் மனிதனைக் கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போகிறார்.

பெரியவர் தாம் யாரென்று சொல்லிவிடுகிறார். கந்தசாமிப் பிள்ளை எழுந்து கும்பிடவில்லை. சிரித்து ஒதுக்கவும் இல்லை. நீர் வரம் கொடுத்துவிட்டு உம் பாட்டுக்குப் போவீர், பின்னால் இன்னொரு தெய்வம் வந்து என் தலையைக் கேட்கும், அந்த ஏமாளி நான் இல்லை என்கிற தோரணையில் வரத்தை மறுத்துவிடுகிறார். புராணங்களை ஒழுங்காகக் கேட்ட மனிதனின் எச்சரிக்கை இது. பஸ்மாசுரன் கதையும் இராவணன் கதையும் அவருக்கு வாழ்க்கைப் பாடங்கள். கோப்பியின் ருசியில் கடவுள் சொக்கிப்போய்த் தம்முடைய லீலை என்று பெருமைப்படப் பார்க்கிறபோது, அது ஹோட்டல்காரன் கலந்த சிக்கரியின் லீலை என்று திருத்துகிறார். பிறகு விருந்தாளியை வீட்டுக்கு அழைத்துப் போகிறார். மனைவி காந்திமதி, கறிவேப்பிலை என்று செல்லப் பெயர் வைத்த மகள் வள்ளி, கந்தசாமிப் பிள்ளை நடத்துகிற "சித்த வைத்திய தீபிகை" என்கிற மாதப் பத்திரிகை, அதற்கு ஜீவிய சந்தா, பூலோகத்தில் தங்கினால் கடவுள் என்ன தொழில் பார்ப்பது என்கிற பேச்சு, எல்லாம் வரிசையாக வருகின்றன.

நம் வகுப்பறைகளில் இந்தக் கதைக்கு நேர்கிறது என்ன? "இதில் கடவுள் எதன் குறியீடு?" என்று கேள்வி விழும். கடவுள் என்றால் பழமை, கந்தசாமிப் பிள்ளை என்றால் நகரத்து நடுத்தர வர்க்கம், ரிக்‌ஷாக்காரன் என்றால் உழைப்பாளி என்று விடை எழுதிப் புள்ளி வாங்கலாம். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவன் என்ற முறையில் நானும் அந்தப் புள்ளிகளைக் கை நிறையக் கொடுத்திருக்கிறேன். விடை பிழை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அப்படி விடை எழுதுகிறவரை இந்தக் கதை தனக்குள்ளேயே ஒரு பாத்திரமாக வைத்துக் கிண்டல் செய்திருக்கிறது என்பதைத்தான் இன்று காட்ட விரும்புகிறேன்.

அந்தப் பாத்திரம் ஒரு திவான் பகதூர். கலைக்குக் காவலர். கடவுளுக்குத் தெரிந்த தொழில் கூத்துத்தானே என்று கந்தசாமிப் பிள்ளை அவரைத் திவான் பகதூரிடம் அழைத்துப் போகிறார். கடவுள் ஆடுகிறார். புலித்தோல், சடை, சூலம், நெளிகிற பாம்பு. சுடலையில் ஆடுகிற கூத்து அப்படியே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. திவான் பகதூருக்குப் பொறுக்கவில்லை. கலை என்றால் என்ன தெரியுமா என்று சீறுகிறார். நிசப் புலித்தோல் எதற்கு, அதைப்போல் பட்டு உடுத்தியிருக்கலாமே. நிசப் பாம்பு எதற்கு, பாம்புபோல் ஒரு நகை அணிந்திருக்கலாமே. பார்வதி பரமேசுவரரே நேரில் வந்து இப்படி ஆடினாலும் நாட்டிய சாஸ்திரம் ஒப்பாது, போய் வேறு வேலை பாரும் என்பது அவர் தீர்ப்பு.

சிரித்துவிட்டுப் போகிற இடமா இது? பாம்பின் இடத்தில் பாம்பைக் குறிக்கிற நகை. தோலின் இடத்தில் தோலைக் குறிக்கிற பட்டு. குறிக்கப்படுகிற பொருள் எதிரில் வந்து படம் எடுத்து ஆடுகிறபோது, அதை வெளியே போகச் சொல்லிவிட்டு அடையாளத்தை உள்ளே கொண்டுவரச் சொல்கிறார் அந்தப் பெரிய மனிதர். குறியீடு என்கிற பழக்கத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகக் கூர்மையான விமரிசனம் எந்த விமரிசன நூலிலும் இல்லை, இந்த ஒரு காட்சியில் இருக்கிறது என்பது என் கருத்து. "கடவுள் இங்கே பழமையின் குறியீடு" என்று நாம் எழுதுகிற அந்த நிமிடம் திவான் பகதூரின் நாற்காலியில் நாம் உட்கார்ந்துவிடுகிறோம். அவரைப்போலவே நாமும் நிசக் கடவுளைத் தாங்காமல் நகைக் கடவுளைக் கேட்கிறோம்.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் தூரத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. போய்விட்டு இதே ஊருக்குத்தான் திரும்புவோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்று ஒரு துறைமுக நகரம். 1804இல் அங்கே பிறந்தவர் நதானியேல் ஹோதோர்ன். 1835இல் "யங் குட்மேன் பிரௌன்" என்று ஒரு சிறுகதை எழுதினார். சமய நம்பிக்கையையும் பொருள்மயக்கத்தையும் பற்றிப் பேசினால் உலகம் முழுவதும் முதலில் எடுக்கிற கதை அதுதான். சேலம் கிராமத்து இளைஞன் பிரௌன், புது மனைவியை வீட்டில் விட்டுவிட்டு ஒரு மாலை காட்டுக்குள் போகிறான். மனைவியின் பெயருக்கே விசுவாசம் என்று பொருள். தொப்பியில் இளஞ்சிவப்பு நாடா கட்டியிருக்கிறாள். காட்டில் ஒருவன் காத்திருக்கிறான். அவன் கையில் பாம்பு வடிவத்தில் ஒரு கறுத்த தடி. அது உயிரோடு நெளிவதுபோல் இருக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் கண் செய்த மயக்கமாகவும் இருக்கலாம் என்று ஆசிரியர் நழுவிவிடுகிறார். உள்ளே போகப் போக, வேதபாடம் சொல்லிக்கொடுத்த கிழவி, ஊர்ப் போதகர், சபை மூப்பர் எல்லோரும் சாத்தானின் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வானத்திலிருந்து ஒரு இளஞ்சிவப்பு நாடா மிதந்து விழுகிறது. விடிகிறபோது அவன் தனியே நிற்கிறான். கண்டது கனவா? ஆசிரியர் சொல்ல மாட்டார். பிரௌன் மட்டும் சாகும்வரை யாரையும் நம்பாமல், மனைவியைக்கூட நம்பாமல், இருண்ட மனிதனாக வாழ்ந்து சாகிறான்.

அந்தச் சேலம் கிராமத்தில்தான் 1692இல் சூனியக்காரர் என்று குற்றம்சாட்டி விசாரணைகள் தொடங்கின. தண்டித்த நீதிபதிகளில் ஒருவர் ஹோதோர்னின் மூதாதை. பிற்பாடு அந்தக் கிராமத்துக்கு டான்வர்ஸ் என்று பெயர். அந்த டான்வர்ஸில் 1789இல் பிறந்தவரைத் தெல்லிப்பழைக்குத் தெரியும். டானியல் பூவர். 1815இல் நியூபெரிபோர்ட்டில் கப்பலேறி, 1816இல் இலங்கைக்கு வந்து, அதே வருடம் தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் வேலையைத் தொடங்கியவர். இவ்வூர் யூனியன் கல்லூரி தன் தொடக்கமாகச் சொல்வது அந்த 1816ஐத்தான். பிறகு வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவரானார். 1855இல் மானிப்பாயில் கொள்ளைநோயில் இறந்தார். அவர் கப்பலேறியபோது ஹோதோர்னுக்குப் பதினொரு வயது. ஒரே மண்ணின் பாரம்பரியம் ஒரு கிளையில் அந்தச் சிறுகதையாகவும், மறு கிளையில் இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடமாகவும் காய்த்தது. இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் கிறித்தவ மிஷனும் சைவமும் நூற்றாண்டுக் காலம் இந்த மண்ணில் வாதாடியது எதைப் பற்றி என்று யோசித்தால் வெறும் தற்செயலாகத் தெரியவில்லை. வாதத்தின் நடுவில் இருந்தது இதே கேள்விதான். காண்கிற உருவம் உண்மையா, உண்மைக்கு அடையாளமா, ஏமாற்றா? 1854இல் சைவத்தின் பக்கம் நின்று ஆறுமுக நாவலர் "சைவதூஷண பரிகாரம்" எழுதினார். சைவத்தில் நீங்கள் இகழ்கிற கிரியைகளுக்கு இணையானவை உங்கள் வேதாகமத்திலேயே இல்லையா என்று திருப்பிக் கேட்டது அந்த நூல்.

இரண்டு கதையிலும் பாம்பு இருக்கிறது, கவனித்தீர்களா? ஹோதோர்னில் தடியொன்று பாம்பாகத் தெரிகிறது. தெரிந்தது உண்மையோ என்பதில் மயக்கம். நம் பக்கத்தில் பழுதையையும் பாம்பையும் வைத்து வேதாந்திகள் பேசாத பேச்சில்லை, அதற்குள் நான் போகவில்லை. புதுமைப்பித்தனில் பாம்பு ஐயத்துக்கு இடமில்லாமல் பாம்பு. கடவுளும் ஐயத்துக்கு இடமில்லாமல் கடவுள். கந்தசாமிப் பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்திருக்கிற காட்சி எங்கும் இல்லை. எழுதியிருந்தால் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். கனவு என்று கணக்கை மூடிவிடலாம். பிரௌனுக்குச் சாட்சி ஒரு நாடா. அது காற்றில் போய்விட்டது. கந்தசாமிப் பிள்ளைக்குச் சாட்சி கதை முடிவில் மேசைமேல் கிடக்கிற பணமும் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரவும். எழுத்தாளர் தம் மயக்கத்தைக் கண்ணில் வைக்கவில்லை. அவருடைய மயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்குப் போக நம்முடைய புராணபடனம் எனக்கு வழி காட்டியது.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிப்பதைச் சின்ன வயதில் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார். பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்வார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தின் வாழ்க்கையையே கந்தபுராண கலாசாரம் என்று சொன்னதற்குக் காரணம் இந்தப் படிப்புத்தான். பயன் சொல்பவர் சித்தாந்தம் தெரிந்தவராக இருந்தால் சூரன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்று விரிப்பார். சபை தலையாட்டும். அதே சபை கந்தசஷ்டியின் ஆறாம் நாள் சூரன்போருக்கு வீதியில் நிற்கும். சூரனைத் தூக்கிக்கொண்டு இளைஞர்கள் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட, ஒவ்வொரு தலையாகக் கழற்றி மாட்ட, யானைமுகம் போய்ச் சிங்கமுகம் வர, கடைசியில் மாமரக்கொப்போடு சூரன் வர, பிள்ளைகள் பயந்து தாயின் சேலைக்குள் ஒளியும். அந்த நேரத்தில் "இது ஆணவ மலம்" என்று எந்தப் பிள்ளைக்காவது சொல்லிப் பாருங்கள். ஆனாலும் சொன்ன பயன் பொய்யாகிவிடவில்லை. சூரன் மலமாகவும் இருப்பான், மாமரமாகவும் இருப்பான், அயலட்டைப் பொடியன்கள் தூக்கி ஆட்டுகிற மரச் சிலையாகவும் இருப்பான். ஒன்று வந்ததும் மற்றது வெளியேற வேண்டும் என்று சபை கேட்பதில்லை. கேட்பது திவான் பகதூர்தான்.

வள்ளி திருமணம் படிக்கிற அன்றைக்குக் கூட்டம் அதிகம். முருகன் வேடனாக வருகிறான், வேங்கையாக நிற்கிறான், பிறகு தளர்ந்த கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்கிறான், தண்ணீர் கேட்கிறான். உயிர் இறைவனைச் சேர்கிற கதை என்று பயன் சொல்பவர் சொல்வார். சபையில் ஒருவருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் கிழவனின் குறும்புக்குச் சிரிக்கிறபோது அவர்கள் உயிரையும் இறைவனையும் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒரு கிழவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். புதுமைப்பித்தனின் கதைக்கு ஏற்ற வாசகர் இந்தச் சபைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் காதோடு கதையின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். வந்திருப்பவர் பரமசிவம். வீட்டுக்காரர் கந்தசாமி. தகப்பன் மகனிடம் வழி கேட்டு நிற்கிறான். சுவாமிமலைக் கதையில் தகப்பனுக்குப் பிள்ளை பிரணவத்தை உபதேசித்தது. பிராட்வேயில் உபதேசம் டிராமையும் பஸ்ஸையும் சிக்கரியையும் பற்றியது. மனைவி காந்திமதி, அது நெல்லையப்பர் கோயிலில் அம்மைக்குப் பெயர். அப்படியென்றால் பரமசிவம் தம் தேவியின் பெயருள்ள மருமகளின் கையால் சாப்பிடுகிறார். குழந்தை வள்ளி. முருகனுக்கு மனைவியாக வேண்டியவள் இங்கே கந்தசாமியின் மகள். கிழவனோடு விளையாடுகிறவளும் அவள்தான், கிழவர் மட்டும் மாறிவிட்டார். உறவுகளை எடுத்துக் குலுக்கிப் போட்டிருக்கிறார் எழுத்தாளர். இது ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்க்கிற உருவகமாக இருந்தால் எங்கேயாவது ஒரு கணக்குச் சரிவர வேண்டும். வரவே வராது. ஹோதோர்னில் மனைவியின் பெயர் விசுவாசம் என்றால் அவளை இழந்தவன் விசுவாசத்தை இழந்தான் என்று கணக்கு நேராகிவிடுகிறது. எனக்கு அந்த ஒரு இடத்தில் ஹோதோர்ன் கொஞ்சம் அதிகமாகவே கை காட்டுகிறார் என்று படும். புதுமைப்பித்தனில் பெயர்கள் பொருளைத் திறக்கிற மாதிரித் திறந்து, கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவைக் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன.

சரி, கந்தசாமிப் பிள்ளை பக்தரா இல்லையா? கதையை நாத்திகக் கதை என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. பக்திக் கதை என்று சொந்தம் கொண்டாடுகிறவர்களும் உண்டு. கடவுள் இருக்கிறார் என்பதில் கந்தசாமிப் பிள்ளைக்குத் துளி சந்தேகமில்லை. கடவுளைக் கும்பிட வேண்டும் என்பதில் துளி ஆர்வமும் இல்லை. பார்த்தேன், நம்பினேன், அதனால் என்ன என்கிற நிலை. நாத்திகருக்கு இது போதாது. பக்தருக்கு இது பொறாது.

சைவம் படித்தவர்கள் உடனே சுந்தரரைக் கொண்டுவருவார்கள். கொண்டுவர வேண்டியதுதான். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நாலில் தோழமை நெறி அவருடையது. நடு இரவில் இறைவனைப் பரவையாரிடம் தூது போகச் சொன்னவர், பொன் கேட்டுச் சண்டை பிடித்தவர். கடவுளை உட்காரவைத்து நக்கல் அடிக்கிற உரிமை தமிழில் புதுமைப்பித்தன் கண்டுபிடித்ததல்ல. சமயத்துக்குள்ளேயே நெடுங்காலமாக இருக்கிற உரிமை. கி.வா.ஜ.வின் கலைமகள் இந்தக் கதையைத் தாங்கியதில் எனக்கு வியப்பில்லாததற்கு இதுதான் காரணம்.

ஆனால் சுந்தரரோடு ஒப்பிட்டு முடித்துவிட்டால் அதுவும் சௌகரியமான விடை. சுந்தரரிடம் இறைவன் முதலில் வந்தது எப்படி? கிழ வேதியராக, கையில் ஓலையோடு. உன் பாட்டன் எனக்கு எழுதிக் கொடுத்த அடிமை ஓலை என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வழக்காடினார். அங்கே பத்திரம் கடவுளின் கையில். மனிதன் அதில் எழுதப்பட்ட பெயர். கந்தசாமிப் பிள்ளை வீட்டிலும் கிழவர்தான் வருகிறார், காகிதமும் இருக்கிறது. ஆனால் எழுதுகிறவன் மனிதன், பேரேட்டில் ஏறுகிற பெயர் கடவுளுடையது, ஏறுவதும் சந்தாதாரர் என்ற முறையில். அடிமைக்கும் ஆண்டானுக்கும் நடுவில் இருந்த ஓலை, பத்திரிகாசிரியருக்கும் வாசகருக்கும் நடுவில் ரசீதாக மாறியிருக்கிறது. இதைச் சமயத்தின் வீழ்ச்சி என்று வாசிக்கலாம். எல்லாம் வியாபாரமாகிவிட்டதே என்று அழலாம். கடவுள் கடைசியில் ஒருவருக்குக் கடன்படாத, ஒருவரைக் கட்டிப்போடாத ஒரு உறவுக்குள் வந்தார் என்றும் வாசிக்கலாம். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். முதல் பக்கம் நிற்பவரை மறுக்க எனக்குக் கதையிலிருந்து ஒரு வரியும் கிடைக்கவில்லை.

இனிக் கதையின் கடைசிப் பேச்சு. போகிற நேரத்தில் கடவுள் ஒன்று சொல்கிறார். மனிதர்களுக்குத் தள்ளி நின்று வரம் தரலாம், கூட இருந்து வாழ முடியாது என்பது அதன் சாரம். உங்கள் வர்க்கம் அந்தத் தள்ளி நிற்கிற காரியத்துக்குத்தான் பொருத்தம் என்று கந்தசாமிப் பிள்ளை திருப்பிக் கொடுக்கிறார். பதில் சொல்லக் கடவுள் அங்கே இல்லை. யார் யாரைத் தோற்கடித்தார்கள்? மனிதனோடு வாழத் தெரியாமல் கடவுள் ஓடினார் என்று சொல்லலாம். தாங்க முடியாத அளவுக்கு மனிதன் சிறுத்துப்போனான் என்றும் சொல்லலாம். முதல் பக்கத்துக் காலணாக் கணக்கை நினைத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. "உங்கள் வர்க்கம்" என்று கந்தசாமிப் பிள்ளை சொன்னது தேவர்களையா, விருந்துக்கு வந்து யோசனை சொல்லிவிட்டுப் போகிற பெரிய மனிதர்களையா, எட்ட இருந்து கருணை காட்டுகிற எல்லாரையுமா? 1943இல் சென்னையில் ஒரு ஏழைப் பத்திரிகாசிரியன் சொன்ன சொல் அது. எழுதியவரும் ஏழைப் பத்திரிகைக்காரர்தான்.

தள்ளி நிற்பது என்கிற அந்தப் பேச்சை இந்தப் பக்கத்தில் இருந்து வாசிக்கிறபோது வேறொன்றும் நினைவில் வந்து குத்துகிறது. இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கிற மாவிட்டபுரத்தில் கோயில் கொண்டிருப்பவரும் கந்தசாமிதான். 1968இல் அந்தக் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போகக் கேட்டு நின்றார்கள். மறித்து நின்றவர்களும் அதே கந்தசாமியின் பக்தர்கள். அங்கே தூரத்தை அளந்து வைத்தது கடவுள் இல்லை. கூட இருந்து வாழ முடியாது என்று சொன்னதும் கடவுள் இல்லை. கதையில் கடவுளின் வாயில் வருகிற பேச்சை வாழ்க்கையில் மனிதர்கள், அதுவும் அவர் பெயரால், பேசிக்கொண்டிருந்தார்கள். கந்தசாமிப் பிள்ளையின் பதிலை அந்த வாசலில் வைத்து வாசித்தால் அது கடவுளை நோக்கிப் பாயாது. இதைப் புதுமைப்பித்தன் நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விலாசம் எழுதாமல் விட்ட பதில் அது. எந்த வாசலுக்கும் போகும்.

பணத்துக்கு வருவோம். கடவுள் மறைந்துவிட்டார்; மேசைமேல் ஜீவிய சந்தா இருபத்தைந்து ரூபாய் கிடக்கிறது. கந்தசாமிப் பிள்ளை அதைக் கைலாசபுரத்துப் பரமசிவம் பிள்ளையின் பெயரில் வரவு வைக்கிறார். தாத்தா போய்விட்டாரா என்று குழந்தை கேட்டுக்கொண்டு வருகிறது. இந்த முடிவைப் பிரிவு என்று படிப்பதே வழக்கம். எனக்கு அப்படித் தெரியவில்லை. உங்களோடு வாழ முடியாது என்று சொல்லிவிட்டுப் போகிற ஒருவர் எதற்காக ஜீவிய சந்தா கட்டினார்? போகிற போக்கில் இனாமாகக் கொடுத்திருந்தால் அது வரம். வரம் வேண்டாம் என்று கந்தசாமிப் பிள்ளை முன்பே சொல்லியாயிற்று. சந்தா வரம் இல்லை. மாதாமாதம் இதழ் போக வேண்டும். யாருடைய ஜீவியம் வரைக்கும் என்று பார்த்தால் கட்டியவருக்கு ஜீவியம் முடிவதில்லை. ஆகவே "சித்த வைத்திய தீபிகை" உள்ளவரை கந்தசாமிப் பிள்ளைக்கு இந்தக் கடமை தீராது. இரண்டு பேரும் ஏசிக்கொண்டு பிரிந்த கையோடு முடிவில்லாத ஒரு கொடுக்கல் வாங்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மாதத்து இதழைக் கந்தசாமிப் பிள்ளை கைலாசபுரம் என்று விலாசம் எழுதித் தபாலில் போட்டிருப்பார் என்றே நான் நினைக்கிறேன். முத்திரைச் செலவையும் மறக்காமல் அதே பேரேட்டில் பற்று எழுதியிருப்பார்.